சுவருக்குள் ஒரு சலனம்

காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று படித்திருப்பீர்கள். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்துச் சிற்றூர்களில் சனவரி இரவுகளில் வெப்பநிலை −30° செ.-க்கும் கீழே இறங்குவதுண்டு. அங்குள்ள பழைய மரவீடுகள் பலவற்றில் வெளிப்பலகைக்கும் உட்சுவருக்கும் நடுவே சுமார் 9 செ.மீ. இடைவெளி இருக்கும். அதில் இருப்பது காற்றுதான். ஆயினும் வீடு குளிர்கிறதே, ஏன்?

அந்தக் காற்று சும்மா இருப்பதில்லை. அறைப் பக்கம் சூடாகி மேலெழுகிறது. வெளிப் பக்கம் குளிர்ந்து கீழிறங்குகிறது. இந்தச் சலனமே வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே சேர்க்கிறது. ஆகவே பழைய செய்தித்தாளைப் பஞ்சுபோல் அரைத்து, எளிதில் தீப்பற்றாதிருக்க போரான் உப்புக் கலந்து, சுவரில் துளையிட்டுக் குழாய் வழியே ஊதி நிரப்புகிறார்கள். காகித இழைகளுக்கிடையே காற்று அசைய முடியாமல் சிக்கிக்கொள்கிறது. குப்பைக்குப் போகவேண்டிய தாளுக்கு நல்ல வேலை!

ஆனால் அவசரப்பட்டு நிரப்பினால் வீட்டுக்கே ஆபத்து. 20° செ.-இல் ஒரு கன மீட்டர் காற்றில் 17 கிராம் வரை நீராவி இருக்க முடியும், −20° செ.-இல் சுமார் 1 கிராம்தான். சமையலாலும் குளியலாலும் ஈரமேறிய அறைக்காற்று விரிசல்கள் வழியே சுவருக்குள் கசிந்தால், அந்த ஈரம் உறைபனியாகப் படியும். நிரப்பிய சுவரில் வெளிப்பலகை முன்னைவிடக் குளிர்ந்திருப்பதால் அது எளிதில் உலராது. வசந்தத்தில் பனி உருகும். மரம் மக்கத் தொடங்கும். எனவே விளக்குக் கம்பி நுழையும் துளை, பரண் கதவின் சந்து ஆகியவற்றை முதலில் அடைக்க வேண்டும்.

ஈரத்தைத் தடுக்கும் பாலிதீன் தாளை அங்கே சுவரின் அறைப் பக்கமே பதிக்கிறார்கள். வெளிப் பக்கம் பதித்தால் என்ன நேரும்? யோசித்துச் சொல்லுங்கள்.