இடம் கொடுத்த திருக்கோவலூர்

ஸ்ரீ:

ஒவ்வொரு க்ஷேத்ரத்திற்கும் ஒரு குணம் உண்டு என்பர் பெரியோர். நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றாய்த் தென்பெண்ணையின் தென்கரையில் விளங்கும் திருக்கோவலூருக்கு உரிய குணம் யாது? வந்தவருக்கு இடம் கொடுத்தலே என்பது அடியேனுடைய எண்ணம்.

நந்தி மலையில் உற்பத்தியாகிக் கடலூர் அருகே ஸமுத்ரத்தில் ஸங்கமிக்கும் இந்நதியை வடமொழியாளர் தக்ஷிண பிநாகினி என்பர். இதன் வண்டலால் செழித்த கோவலூர், ஸங்க காலத்தில் மலையமான்களின் தலைநகராயிருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி இவ்வூரை ஆண்டவனே. பாரி மாய்ந்தபின் அவன் மக்களுடன் புகலிடம் தேடி அலைந்தார் கபிலர். பாரியின் மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெண்ணையின் நடுவே அவர் தீப்புகுந்தார் என இவ்வூர் வீரட்டானத்திலுள்ள முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு கூறும். கபிலர் குன்று இன்றும் ஆற்றினிடையே நிற்கின்றது.

முதலாழ்வார்கள் மூவரும் ஸந்தித்ததும் இவ்வூரிலேயே. மழை பொழியும் இரவில், ஒரு சிற்றிடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வர, இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வர, மூவரும் நின்றனர். நான்காமவராய் எம்பெருமானே வந்து நெருக்கினான். அந்நெருக்கத்திலிருந்தே மூன்று திருவந்தாதிகளும் அவதரித்தன. இடம் குறுகியபோதும் மனம் குறுகாமையே இவ்வைபவத்தின் ஸாரம்.

இங்கு ஸேவை ஸாதிக்கும் மூர்த்தியோ த்ரிவிக்ரமன். மூவடி மண் இரந்து வந்தவன், ஓங்கி உலகனைத்தும் அளந்தான்.

நதியின் ஸ்வபாவமும் அத்தகையதே. பல மாதங்கள் மணலினூடே வாமனனைப் போல் ஒடுங்கிக் கிடக்கும். வெள்ளம் வருங்கால் ஓங்கிவிடும். ஊருக்கு மேல்புறம் 1958-ஆம் ஆண்டில் சாத்தனூர் அணை எழுந்தபின் வறண்ட மணலையே பெரும்பாலும் கண்டு பழகினோம். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், புயல்மழையால் அவ்வணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கரையோர ஊர்களும் வயல்களும் பெருஞ்சேதம் அடைந்தன. ஒடுங்கிக் கிடக்கும் காலத்து அளவே நதியின் அளவு என்று எண்ணுதல் பேதைமை என்பதை அன்று உணர்ந்தோம்.

புலவர்க்கும் ஆழ்வார்க்கும் இடம் கொடுத்த ஊர், தன்னை வளர்த்த நதிக்கு இடம் மறுக்கலாமோ? ஆற்றின் கரையையும் மணலையும் ஆற்றுக்கே விட்டுவைப்பதும் ஒரு கைங்கர்யமே. உத்ஸவத்திற்கு எழுந்தருளும் ஆஸ்திகர்கள் பெருமாளை ஸேவித்தபின் பெண்ணைக் கரையிலும் சற்று நின்று இதனைச் சிந்திப்பார்களாக.

சுபம்.