படோங் பீச்சுக்குத் தனியா கிளம்புறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

தாய்லாந்துல புக்கெட் தீவோட மேற்குக் கரையில இருக்கு படோங். ராத்திரி முழுக்கத் தூங்காத ஊர். நாலு பேரா போனா ரூம், டாக்சி எல்லாத்தையும் நாலா பிரிச்சுக்கலாம். தனியா போனா முழு பில்லும் உங்க சம்பளத்துல இருந்துதான். அதைவிட முக்கியம், கார்டு பிளாக் ஆனா கைமாத்து கேட்கப் பக்கத்துல ஆள் கிடையாது.

அதனால ரெண்டு வேற வேற பேங்க் கார்டு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு பர்ஸ்ல, இன்னொண்ணு ரூம் லாக்கர்ல. நம்ம ஊர் கார்டுல இன்டர்நேஷனல் யூசேஜ் பொதுவா ஆஃப்லதான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடியே பேங்க் ஆப்ல ஆன் பண்ணிடுங்க. ஓடிபி வர்றதுக்கு ரோமிங்கும் வேணும்.

இப்ப கொஞ்சம் கணக்கு. உங்க கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% னு வைங்க. அதுமேல 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 4.13%. அங்க ஏடிஎம்ல வெளிநாட்டுக் கார்டைப் போட்டா ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் வேற. அது 220 பாட் னு வைங்க: 2,000 பாட் எடுத்தா 11% போச்சு, 10,000 எடுத்தா 2.2% தான். அதனால அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. அதுக்காக மொத்தக் காசையும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு பங்களா ரோட்ல சுத்தவும் வேண்டாம்! மெஷின் "ரூபாயில மாத்தட்டுமா?" னு கேட்டா வேண்டாம்னு சொல்லி பாட்லயே எடுங்க. ரூபாய்ல காட்டுற ரேட்ல அவங்க லாபமும் சேர்ந்திருக்கும்.

ஏர்போர்ட்ல இருந்து தனி டாக்சி தேவையில்ல, சீட் கணக்குல மினி வேன் இருக்கு. வழியில டிராவல் ஆபீஸ்ல நிறுத்தி டூர் விக்கப் பார்ப்பாங்க, சிரிச்சுட்டு உக்காந்திருங்க.

பெரிய செலவு வர்ற இடம் ஸ்கூட்டரும் ஜெட் ஸ்கீயும்தான். ஸ்கூட்டர் வாடகை குறைவு, கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலே சாவியைக் குடுத்துடலாம். ஆனா டூவீலர் லைசென்ஸும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் இல்லாம விழுந்தா, டிராவல் இன்ஷூரன்ஸ் கிளைம் நிக்காம போக வாய்ப்பு அதிகம். தனியார் ஆஸ்பத்திரி பில் மொத்தமும் உங்க தலையில, கூடவே கையெழுத்துப் போட யாரும் இல்லாம. பெர்மிட் ஆர்டிஓ ஆபீஸ்லயே கிடைக்கும்.

ஜெட் ஸ்கீ எடுக்குறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி வீடியோ எடுத்துக்கோங்க. பழைய கீறலுக்குக் காசு கேட்குறது அங்க ரொம்ப நாளா நடக்குற கதை. பாஸ்போர்ட்டை அடகா குடுக்கவே குடுக்காதீங்க. தகராறு வந்தா டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155.

மே முதல் அக்டோபர் வரைக்கும் ரூம் ரேட் குறையும், அது மழைக்காலம். அப்ப கரையில சிவப்புக் கொடி பார்த்தீங்கன்னா தண்ணியில இறங்காதீங்க, கடல் உள்ள இழுக்கும்.