சிலம்ப வகுப்பு: புதியவர்களையும் பழகியவர்களையும் எதில் சேர்க்கலாம், எதில் பிரிக்கலாம்?

• காலடி வரிசை: எல்லோரையும் சேர்த்தே நடத்தலாம். முன்வரிசையில் பழகியவர்கள் நின்றால் புதியவர்கள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். திரும்பி ஆடும்போது கடைசி வரிசையே முன்வரிசையாகிவிடும். அங்கேயும் பழகிய ஒருவர் இருக்கட்டும்.

• கம்பு சுற்றுதல்: புதியவர்களை ஓரமாகத் தனி வரிசையில் நிறுத்துங்கள். கம்பு கைநழுவிப் பறப்பது அவர்களிடம்தான் அதிகம். கையை நீட்டிச் சுற்றினாலும் அடுத்தவர்மேல் படாத இடைவெளி வேண்டும்.

• ஜோடிப் பயிற்சி: புதியவரோடு புதியவரை மோதவிடாதீர்கள். பழகியவர் எதிரே நின்றால் அடியின் வேகத்தை அடக்கிக் கொடுப்பார். தடுக்கக் கற்பது எளிதாகும்.

• கம்புச் சண்டை: தேர்ந்தவர்களுக்கு மட்டும், அதுவும் தலைக்கவசத்தோடு. உயரம், எடை பார்த்து ஜோடி சேர்த்துவிடுங்கள்.

• மூத்த மாணவர்கள்: எப்போதும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்களுடைய பயிற்சி தேங்கிவிடும். வாரம் ஒரு வகுப்பை அவர்களுக்கெனத் தனியே ஒதுக்குங்கள்.