பர்சிலாய் சொன்னார், தாவீது கேட்டார்
வேத பாடம்: 2 சாமுவேல் 19:31-39



பர்சிலாய்க்கு அப்போது 80 வயது. எருசலேமுக்கு வந்து தன்னோடு தங்கும்படி தாவீது ராஜா கூப்பிடுகிறார். கிழவரோ, சாப்பாட்டு ருசி தெரியவில்லை, பாட்டுச் சத்தம் கேட்கவில்லை, உமக்குப் பாரமாக வரமாட்டேன், தாய் தகப்பன் கல்லறை இருக்கிற என் ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ராஜா வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்பினார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படி வாய் திறந்து சொல்வார்களா? "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். ஆகையால் நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

1. கவனியுங்கள்

வலை பின்னின கைக்கு முடிச்சு பிடிபடவில்லையா? மீன் விற்ற அம்மாவுக்குச் சில்லறைக் கணக்கு தப்புகிறதா? மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறதா? கஞ்சி அப்படியே இருக்கிறதா? ராத்திரியில் வெளியே போகும்போது விழுகிறார்களா? ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பமாகப் பேசினால், வயசு என்றோ பிசாசு என்றோ முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் கிருமி, சர்க்கரைக் குறைவு இவைகளாலும் அப்படி வரும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஜெபிக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பவுலோடிருந்த லூக்கா வைத்தியன்தானே!

2. கேளுங்கள்

பத்துப்பேர் முன்னால் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "நைனா, எது செய்ய கஷ்டமா இருக்கு? நாங்க என்ன செஞ்சா நல்லாயிருக்கும்?" என்று கேளுங்கள். "இனிமே நீ ஒண்ணும் செய்யாதே" என்று சொல்லாதீர்கள்; அது அவர்களை மூலையில் தள்ளுகிற வார்த்தை. முதல் நாள் கோபித்தால் விட்டுவிட்டு, இன்னொரு நாள் பேசுங்கள்.

3. பங்கிடுங்கள்

நம் ஏரியில் பாடு முறை இருக்கிறதே! நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல், முறை வைத்துத்தானே வலை போடுகிறோம்? பெற்றோரைப் பார்ப்பதற்கும் பிள்ளைகள் அப்படி முறை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு மருமகள் தலையில் வைக்காதீர்கள். வெளியூரில் வேலை செய்கிறவன் பணம் அனுப்பட்டும். மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டும். பேரப்பிள்ளை மாத்திரை எடுத்துக்கொடுக்கட்டும்.

4. உதவியைத் தேடுங்கள்

2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச போன் எண் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டால், 2007-ம் வருஷச் சட்டப்படி அவர்கள் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம்.

ஆனால் சட்டம் வந்து சொல்லும்வரை நாம் இருக்கலாமா? கொர்பான் என்று காணிக்கையைக் காட்டி, தாய் தகப்பனைத் தவிக்கவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). உபவாச ஜெபத்துக்கு ஓடிவருகிற நாம், வீட்டில் அம்மா சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவோம். ஆமென்.