பனிமலையில் ஓர் இருப்புப்பாதை

ஜப்பானின் புகுஷிமா மாநிலத்திலுள்ள ஐசு-வகாமட்சு நகரிலிருந்து புறப்படும் தடாமி இருப்புப்பாதை, 135 கிலோமீட்டர் தொலைவு சென்று, நீகாட்டா மாநிலத்தின் கொயிதே என்னும் ஊரை அடைகிறது. வழியெங்கும் மலைகள், அவற்றினூடே வளைந்தோடும் தடாமி ஆறு. வண்டியில் ஒன்றிரண்டு பெட்டிகளே இருக்கும். அது ஆற்றைப் பாலங்களின்மேல் பலமுறை கடந்து செல்கிறது.

இம்மலைகள் இமயத்தைப் போல் வானளாவியவை அல்ல. ஆயினும், இங்கே வெண்பனி ஆளுயரத்தையும் விஞ்சிக் குவிகிறது. இதற்குக் காரணம் உயரமன்று, கடலே. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்துகொள்கிறது. மலைத்தொடரில் மோதி மேலெழும்போது அதனை வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. பாரம் தாங்காது வீடு இடிந்துவிடாதிருக்க, மக்கள் கூரைமேலேறிப் பனியை அள்ளித் தள்ளுகின்றனர். முதியோரே மிகுந்த சிற்றூர்களில் இஃது எளிய வேலையன்று.

தடாமியிலிருந்து நீகாட்டாவிற்குச் செல்லும் மலைச்சாலை குளிர்காலம் முழுவதும் மூடப்படும். அப்போது மலையைக் கடக்க, 6 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சுரங்கத்தின் வழியே செல்லும் தொடர்வண்டியே துணை. கடும்பனி பொழியும் நாள்களில் அதுவும் நின்றுவிடுவதுண்டு.

2011ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையில் மூன்று பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஐசு-கவாகுச்சிக்கும் தடாமிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 28 கிலோமீட்டர் பாதை முடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் அப்பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாகப் பயணம் செய்தோர் 49 பேரே! அவர்களுக்காக மலையாற்றில் மீண்டும் பாலம் கட்டுவதா? பேருந்து போதாதா? கணக்குப் பார்ப்போரின் வினா தவறானதன்று. ஆனால், பயணிகளை எண்ணும் கணக்கில், பனியால் சாலை அடைபட்ட ஊரின் தனிமை இடம்பெறுவதில்லை.

பாதையைக் கைவிட உள்ளூர் மக்கள் இசையவில்லை. நெடிய பேச்சுக்குப்பின் 2017இல் உடன்பாடு ஏற்பட்டது. தண்டவாளத்தைப் பேணும் பொறுப்பை மாநில அரசு ஏற்க, வண்டியை இயக்கும் பொறுப்பைத் தொடர்வண்டி நிறுவனம் ஏற்றது. 2022 அக்டோபர் 1 அன்று, பதினோராண்டு இடைவெளிக்குப்பின், அப்பாதையில் மீண்டும் வண்டி ஓடியது. மீட்கப்பட்ட பகுதியில் நாளொன்றுக்குப் போக மூன்று, வர மூன்று வண்டிகள்தாம். அவை கடந்து செல்கையில், ஊரார் வேலையை நிறுத்திக் கையசைக்கின்றனர்.