கட்டுரைப் பயிற்சி: துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்ரி



"எனக்குப் பிடித்த எழுத்தாளர்", "சாதனை படைத்த பெண் ஒருவர்" முதலிய தலைப்புகளில் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களிற் பலர் ஒரே மாதிரியாகவே எழுதுகிறீர்கள். பிறந்த ஆண்டு, பெற்றோர், நூல்களின் பெயர்கள், கிடைத்த பட்டங்கள், இறந்த ஆண்டு. தகவல்கள் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படி எழுதினார் என்பது மட்டும் கட்டுரையில் இருக்காது. இப்படிப்பட்ட கட்டுரையில் சிவப்புப் பேனாவால் பிழை போடவும் முடியாது, கூடிய புள்ளி வழங்கவும் மனம் வராது. எனவே இப்பாடத்தில் ஒரே ஒரு வினாவை வைத்துக்கொண்டு ஒருவரது வாழ்க்கையைப் பார்ப்போம். அமைதியான கடற்கரை நகரமொன்றில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நஞ்சுகளைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எப்படித் தெரிந்தது?

அகதா கிறிஸ்ரி 1890 செப்டெம்பர் 15 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டோர்கீ நகரிற் பிறந்தார். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். எட்டு வயதுவரை பிள்ளை வாசிக்கக் கற்க வேண்டியதில்லை என்பது தாயின் எண்ணம். அகதாவோ ஐந்து வயதிலேயே தானாக வாசிக்கப் பழகிவிட்டார். பெரும்பாலும் வீட்டிலேயே கல்வி கற்றார். பதினொரு வயதில் தந்தையை இழந்ததும் குடும்பத்தின் செல்வநிலை தளர்ந்தது. பாரிஸ் சென்று இசை பயின்றபோதும் சபைக்கூச்சத்தால் மேடைக் கலைஞராக முடியவில்லை. எழுதிய முதல் நாவலும் அச்சேறவில்லை.

"பாடசாலைக்கே ஒழுங்காகப் போகாதவர் பெரிய எழுத்தாளரானார்" என்று எழுதுவதற்குச் சிலருக்கு இவ்விடத்தில் ஆசை வரும். எழுதிவிடாதீர்கள்! அவரும் உங்களைப் போலப் புத்தகத்துடன் இருந்து படித்துப் பரீட்சை எழுதியவர்தான்.

முதலாம் உலகப் போர் 1914 இல் தொடங்கியது. அவ்வாண்டு டிசெம்பர் 24 ஆம் திகதி அவர் விமானப்படை அதிகாரியான ஆர்ச்சிபோல்ட் கிறிஸ்ரியை மணந்தார். கணவர் போர்முனைக்குச் செல்ல, அகதா டோர்கீ நகர மண்டபத்தில் அமைந்த செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலையில் தொண்டர் தாதியாகப் பணியாற்றினார். பின்னர் அதன் மருந்துகள் கலக்கும் பகுதிக்கு மாறினார். இதற்கான பயிற்சி பெற்று 1917 இல் பரீட்சையிற் சித்தியடைந்தார். எந்த மருந்து எந்த அளவில் குணப்படுத்தும், எந்த அளவில் கொல்லும், எவற்றை ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பவையெல்லாம் அவர் மனத்திற் பதிந்தன.

இக்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் தமது சுயசரிதையிற் கூறியுள்ளார். பயிற்சிக்காக நகரிலிருந்த மருந்தாளர் ஒருவரிடம் அவர் சென்று வந்தார். ஒரு நாள் அந்த மருந்தாளர் மருந்து தயாரித்தபோது கணக்கிலே தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப் போய்விட்டதை அகதா கண்டார். அதனால் நச்சுத்தன்மையுள்ள மருந்து பத்து மடங்கு கூடிவிட்டது. அவரோ தம் பிழையை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையவர் அல்லர். பயிற்சிக்கு வந்த இளம்பெண் என்ன செய்யலாம்? அகதா கால் இடறியவர் போலச் சாய்ந்து மருந்துத் தட்டைத் தட்டி விழுத்தி, சிதறியவற்றை நன்றாக மிதித்தும் விட்டார். (தசமப் புள்ளியை விட்டுவிட்டு "கவலையீனப் பிழைதானே சேர்" என்று சொல்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.) அதே மருந்தாளர் கியூராரே என்னும் கொடிய நஞ்சின் கட்டியொன்றைச் சட்டைப் பையிற் கொண்டு திரிவார். அது தமக்கு வலிமை தருவதாக உணர்வதாகவும் சொன்னாராம். அந்த மனிதரை அகதா மறக்கவில்லை. நாமும் மறக்காமல் வைத்திருப்போம், பின்னர் வருவார்.

துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று அவருடைய தமக்கை முன்பு சவால் விட்டிருந்தார். மருந்தறையின் நாற்புறமும் நஞ்சுப் போத்தல்கள் இருந்தபடியால், நஞ்சூட்டிக் கொல்லும் கதை ஒன்றை எழுத நினைத்தார் அகதா. 1916 இல் எழுதிய அந்நாவலை "ஸ்ரைல்ஸ் மாளிகை மர்மம்" எனத் தமிழிற் கூறலாம். அதில் வரும் நஞ்சு ஸ்ரிக்னின். நம் நாட்டிலும் வளரும் எட்டி மரத்தின் விதையிலிருந்து பெறப்படுவது இதுவே. கதையிலே துப்பறிபவர் ஹேர்க்கியூல் புவாரோ. போரினால் இடம்பெயர்ந்த பெல்ஜிய மக்கள் அப்போது டோர்கீயில் அகதிகளாக வாழ்ந்தனர். அவர்களைப் பார்த்தே, ஓய்வுபெற்ற பெல்ஜியப் பொலிஸ் அதிகாரி ஒருவரை அவர் படைத்தார். புவாரோவைப் பிரெஞ்சுக்காரர் என்று எழுதினால் பிழை.

இந்நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. இறுதியில் ஒரு பதிப்பாளர் ஏற்றாலும் முடிவை மாற்றச் சொன்னார். முதற்பிரதியிற் புவாரோ நீதிமன்றத்திற் சாட்சி சொல்லி உண்மையை வெளிப்படுத்துவார். நீதிமன்றத்தில் அப்படி நடக்காது என்றார் பதிப்பாளர். எனவே எல்லோரையும் வீட்டின் ஓர் அறையிற் கூட்டிவைத்துப் புவாரோ விளக்குவதாக மாற்றி எழுதினார். பின்னாளில் அவருடைய கதைகளுக்கே அடையாளமாகிப்போன காட்சி அது. திருத்தம் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம். நூல் 1920 இல் அமெரிக்காவிலும் 1921 இல் பிரித்தானியாவிலும் வெளிவந்தது. ஒப்பந்தமோ அவருக்குப் பாதகமானது. 2000 பிரதிகள் விற்ற பின்பே பங்குப்பணம்; மேலும் ஐந்து நூல்களை அதே பதிப்பாளருக்கே கொடுக்கவும் வேண்டும். முதல் நாவலால் அவர் கையிற் கிடைத்தது 25 பவுண் மட்டும். மருந்தாளர்களின் தொழில்சார் சஞ்சிகை ஒன்று நஞ்சைச் சரியாகக் கையாண்டுள்ளார் எனப் பாராட்டியதே அவருக்குப் பெருமகிழ்ச்சியைத் தந்தது.

1926 இல் வந்த "ரோஜர் அக்ரொய்ட் கொலை" அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. அதன் முடிவை இங்கே எழுத மாட்டேன், வாசித்து அறியுங்கள். வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று சிலர் குறை கூறினர். ஆனால் தடயங்கள் அனைத்தும் வாசகரின் கண்முன்னே இருந்தன, நாம்தாம் கவனிக்கவில்லை. அவருடைய கலை இதுதான்.

அதே ஆண்டில் தாயார் இறந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதும் தெரியவந்தது. டிசெம்பர் 3 ஆம் திகதி அகதா காணாமற் போனார். பொலிசாரும் பொதுமக்களும் தேடினர். பதினொரு நாட்களின் பின் ஹரோகேற் நகர ஹோட்டல் ஒன்றில் வேறு பெயரில் இருந்தமை தெரியவந்தது. இதைப் பற்றி மாணவர்கள் அரைப் பக்கம் எழுதுவதுண்டு. இரண்டு வரி போதும். துயருற்ற ஒரு பெண்ணின் பதினொரு நாட்களைவிட அவர் எழுதிய ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பெரியவை.

1928 இல் விவாகரத்துப் பெற்றார். 1930 இல் தொல்லியலாளர் மக்ஸ் மலோவனை மணந்து, ஈராக்கிலும் சிரியாவிலும் அகழ்வுப் பணிகளில் உடனிருந்தார். நிம்ருட்டிற் கிடைத்த பழைய தந்தச் சிற்பங்களைத் தமது முகப்பூச்சுக் கிறீமால் துடைத்துச் சுத்தம் செய்தவரும் இவரே! மிஸ் மார்பிள் என்ற முதிய பெண் துப்பறிவாளர் முதன்முதலாக நாவலில் வந்ததும் 1930 இலேயே. இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் இலண்டன் வைத்தியசாலையொன்றின் மருந்தறையிற் பணிபுரிந்தார். 66 துப்பறியும் நாவல்களை எழுதினார். "எலிப்பொறி" என்ற அவரது நாடகம் 1952 இல் இலண்டனில் மேடையேறி, 2020 இற் பெருந்தொற்றினால் நிறுத்தப்படும்வரை தொடர்ந்து நடைபெற்றது. 2021 இல் மீண்டும் தொடங்கியது.

இனி அந்த மருந்தாளரிடம் வருவோம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின், 1961 இல், "வெளிறிய குதிரை" என்ற நாவலை எழுதுகையில் அவர் நினைவுக்கு வந்தார். அந்நாவலிற் பயன்படும் நஞ்சு தாலியம். அதை உட்கொண்டவர்களின் தலைமயிர் உதிரும். 1976 ஜனவரி 12 ஆம் திகதி அகதா காலமானார். மறு ஆண்டு கட்டாரிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் நோய் இன்னதென வைத்தியர்களுக்கே புலப்படவில்லை. அந்நாவலை அப்போது வாசித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர், குழந்தையின் மயிர் உதிர்வதைப் பார்த்து, தாலியமாக இருக்கலாம் என்றார். பரிசோதனையில் அது உறுதியாயிற்று. குழந்தை பிழைத்தது.

பயிற்சி

1. அகதா மருந்துத் தட்டைத் தட்டி விழுத்திய சம்பவத்திலிருந்து அவருடைய இயல்புகள் இரண்டை எடுத்துக்காட்டுக.

2. "அவருடைய நாவல்கள் மருந்தறையிற் பிறந்தவை." இக்கூற்றை இப்பாடத்திலுள்ள தகவல்களைக் கொண்டு ஆராய்க. (நூற்பெயர்ப் பட்டியல் வேண்டாம்.)

3. உமது ஊரில் ஒரு தொழிலை நுணுக்கமாக அறிந்த ஒருவரைச் சந்தித்து, அவர் கூறியவற்றை வைத்து 150 சொற்களில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுக.