மஞ்சள் எக்ஸும் நோட்டாமும்

2010 அக்டோபர். டெக்சாஸ்ல போர்ட் இசபெல் பக்கத்துல ஒரு சின்ன விமான நிலையம். ஓடுபாதையை மூடிட்டு ஆட்கள் வேலை பார்த்துட்டு இருந்தாங்க. மேல பெரிய மஞ்சள் எக்ஸ் குறி வேற. அதுலதான் ஒரு செஸ்னா 340 இறங்குச்சு. ஓட்டினவர் அமெரிக்க செனட்டர் ஜிம் இன்ஹோஃப், வயசு 75. வேலையாட்களையும் வண்டியையும் தாண்டி இறக்கினார். யாருக்கும் அடி இல்லை, அதிர்ஷ்டம்தான்.

ஓடுபாதை மூடியிருக்குன்னு விமானிகளுக்கான அறிவிப்பு, அதாவது 'நோட்டாம்', ஏற்கெனவே வந்திருந்தது. அவர் பார்க்கலை. தப்பு அவருடையதுதான். ஆனா ஒரு நோட்டாம் பட்டியலைத் திறந்து பாருங்க: முழுக்க கேபிட்டல் எழுத்து, சுருக்கக் குறிகள். எங்கேயோ எரியாத கோபுர விளக்கும் மூடின ஓடுபாதையும் ஒரே மாதிரி வரியில வரும். நம்ம சர்வர் அலர்ட் மாதிரியேதான். (நானும் படிக்காமலே 'படிச்சாச்சு'ன்னு தள்ளின ஆள்தான்.) அலர்ட் எழுதுற வேலை உங்களுக்கு வந்தா, ஆளைக் கொல்லக்கூடியதை முதல் வரியில போடுங்க.

நோட்டாமைச் சீர்படுத்தச் சொன்ன சட்டத்தை, 2012ல, கொண்டுவந்தவரும் அதே செனட்டர்தான். 2023 ஜனவரியில அந்த நோட்டாம் சிஸ்டமே விழுந்து, அமெரிக்கா முழுக்க விமானங்கள் புறப்படாம நின்னுச்சு. கான்ட்ராக்ட் ஆட்கள் தவறுதலா ஃபைல்களை அழிச்சிட்டாங்களாம். கான்ட்ராக்டரான நான் அதைப் படிச்சிட்டு என் பேக்கப்பை ரெண்டு தடவை சரிபார்த்தேன்.